உதவித்தொகை கிடைக்கும், ஆனா ஃபீஸ் கட்டுற அன்னிக்கு கையில இருக்காது

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், இதே நிலைமையில இருக்கிற வேற யார் படிச்சாலும் புரியட்டும். தங்கச்சி சேலம் பக்கம் ஒரு கிராமத்துல, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து தமிழ் மீடியத்துல படிச்சு +2 முடிச்சிருக்கு. கட்ஆஃப் 168, எம்பிசி. அப்பா லோடுமேன், அம்மா நூறு நாள் வேலை, நீங்க ஐடிஐ முடிச்சிட்டு ஒரு கம்பெனில இருக்கீங்க, குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் டிகிரி வாங்கினதில்ல. இன்ஜினியரிங் சேர்க்கலாமா, பணத்துக்கு என்ன வழி, லோன் போட்டா மாட்டிக்குவோமா, கவுன்சிலிங்லாம் வேண்டாம் நேரா சீட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொல்றாரே அவரை நம்பலாமா. நான் காலேஜ் ஆபீஸ்ல ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்ல பல வருஷமா இருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசாவே எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

சேருங்க. பணத்தை நினைச்சு சீட்டை விட்டுடாதீங்க. ஆனா ஒண்ணை இப்பவே மனசுல வாங்கிக்கணும், கவர்மெண்ட் உதவின்னு நாம மொத்தமா சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, ஃபீஸ்லயே கழிச்சிட்டு மீதியை மட்டும் கட்டச் சொல்றது. இன்னொண்ணு, நீங்க முதல்ல கட்டிட்டு அப்புறமா பல மாசம் கழிச்சு பொண்ணு கணக்குல வந்து விழறது. நிறைய பேர் ரெண்டாவது வகையை முதல் வகைன்னு நினைச்சுக்கிட்டு கையை வீசிட்டு அட்மிஷனுக்கு வந்துடறாங்க, ஆபீஸ்ல மொத்தத் தொகையைச் சொன்னதும் அப்பாக்கள் முகம் மாறிப் போயிடும், அப்புறம் அவசரத்துக்கு மீட்டர் வட்டிக்கு வாங்கி அந்த வட்டியிலயே மூணு வருஷ ஸ்காலர்ஷிப் காசு போயிடும். குடும்பங்களைச் சாய்க்கிறது பெரும்பாலும் இந்த இடைவெளிதான், தகுதி இல்லாம போறவங்களைவிட இதுல அடிபடறவங்கதான் அதிகம்.

முதல் வகையில உங்க தங்கச்சிக்குப் பெரிய விஷயம் முதல் பட்டதாரி சலுகை. 2010-11ல இருந்து இருக்கு. இதுக்கு வருமான வரம்பு கிடையாது, ஜாதி கிடையாது, குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் பட்டதாரியா இருக்கக்கூடாது, கவுன்சிலிங் மூலமா சீட் வாங்கியிருக்கணும், அவ்வளவுதான். நீங்க படிச்சது ஐடிஐ, அது டிகிரி இல்ல, அதனால உங்களால பாப்பாவுக்கு ஒரு தடையும் இல்ல. சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல கவர்மெண்ட் கோட்டா, அதாவது கவுன்சிலிங் சீட்டுக்கான ஃபீஸ்னு 2017ல ஃபீஸ் கமிட்டி நிர்ணயிச்சது வருஷத்துக்கு 50,000, அக்ரிடேஷன், அதாவது தரச் சான்று இருந்தா 55,000, அதுல பாதியளவு, அதாவது 25,000 இல்லன்னா 27,500 இந்தச் சலுகையில கழியும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சமோ அதுக்கு மேலயோ வருது பாருங்க. இந்த வருஷம் அந்தந்த காலேஜ்ல என்ன ஃபீஸ்னு சாய்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டு வச்சுக்கோங்க, டியூஷன் தனியா, பஸ், எக்ஸாம், மத்ததெல்லாம் தனியான்னு பிரிச்சுக் கேளுங்க, ஏன்னா கழியறது டியூஷன்ல மட்டும்தான், பஸ் ஃபீஸ்லயும் ஹாஸ்டல்லயும் ஒரு ரூபா குறையாது.

சர்டிபிகேட்டை இ-சேவை மையத்துல போடணும். தங்கச்சி, அப்பா, அம்மா, நீங்க, தாத்தா பாட்டி வரைக்கும் யார் எதுவரை படிச்சாங்கன்னு கேப்பாங்க, படிச்சவங்களோட டிசி இருந்தா ஸ்கேன் பண்ணணும், ரேஷன் கார்டு, உறுதிமொழி எல்லாம் வேணும். விஏஓ, ஆர்ஐ பார்த்து, மண்டல துணை வட்டாட்சியர் கையெழுத்தாகி வரும். ரிசல்ட் வர்ற நேரத்துல மொத்த தாலுகாவும் இதே வரிசையில நிக்கும், அதனால இன்னும் போடலேன்னா நாளைக்கே போட்டுடுங்க. கவுன்சிலிங் விண்ணப்பத்துல முதல் பட்டதாரின்னு டிக் அடிச்சு சர்டிபிகேட்டையும் கூட்டு உறுதிமொழியையும் அப்லோட் பண்ணினாதான் அலாட்மென்ட் ஆர்டர்ல அது ஏறும். அப்புறம் காலேஜ்ல வந்து பார்த்துக்கலாம்னு இருந்தா ஆர்டர்ல இல்லாததை ஆபீஸ்ல யாராலயும் சேர்க்க முடியாது. ஒரு விஷயம், சித்தப்பா பையன் டிகிரின்னா பிரச்னை இல்ல, ஆனா கூடப் பிறந்தவங்க யாராவது பட்டதாரியா இருந்து மறைச்சுப் போட்டா பின்னாடி தெரிஞ்சா மொத்தப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க.

7.5 சதவீத ஒதுக்கீடு பத்தி நீங்க கேக்கல, ஆனா ஊர்ல யாராவது அதுல போட்டா ஃபீஸே கிடையாதாமேன்னு சொல்லுவாங்க. அது உண்மைதான், 2021 சட்டத்துக்கு அப்புறம் இன்ஜினியரிங்குக்கும் உண்டு, டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது. ஆனா அது ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சவங்களுக்கானது, அரசு உதவி பெறும் பள்ளி அதுல வராது. இதைத் தெரியாம டிக் அடிச்சிட்டு வெரிஃபிகேஷன்ல மாட்டிக்கிற பிள்ளைங்க உண்டு.

இப்ப ரெண்டாவது வகை. புதுமைப்பெண் திட்டம் தங்கச்சிக்குப் பொருந்தும். 2022 செப்டம்பர் 5ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2024 டிசம்பர் 30ல இருந்து உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களையும் சேர்த்துட்டாங்க. மாசம் 1,000 ரூபா, படிப்பு முடியற வரைக்கும். வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும். இதுக்கு நீங்க எங்கயும் அலைய வேண்டாம், காலேஜ்ல சேர்ந்ததும் யுஎம்ஐஎஸ்னு ஒரு நம்பர் ஏத்துவாங்க, ஸ்கூல்ல இருந்த எமிஸ் நம்பர் மாதிரி, அதை வச்சு காலேஜ்லயே விண்ணப்பம் போடுவாங்க. ஆயிரம் ரூபாதானேன்னு நினைக்காதீங்க, பஸ் பாஸ், ஜெராக்ஸ், ரெக்கார்ட் நோட்டு, எக்ஸாம் ஃபீஸ் எல்லாத்துக்கும் வீட்டுல கை நீட்டாம ஒரு பொண்ணு சமாளிக்கறதுக்கு அந்தக் காசு பெரிய துணை. நான் தினம் பார்க்கறேன்.

அடுத்தது ஏஐசிடிஇ, அதாவது தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலோட பிரகதி ஸ்காலர்ஷிப், இது பத்தி நம்ம கிராமத்துப் பக்கம் பல பேருக்குத் தெரியவே இல்ல. இன்ஜினியரிங், டிப்ளமோ முதல் வருஷம் சேர்ற பொண்ணுங்களுக்கு வருஷம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும். மார்க் வச்சு தேர்வு பண்ணுவாங்க, அதனால உறுதின்னு சொல்ல முடியாது, ஆனா போட்டாதானே வரும். மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு இதே அளவு தொகையில சக்‌ஷம்னு இருக்கு, பெற்றோர் இல்லாத பிள்ளைங்களுக்கு ஸ்வநாத். எல்லாம் தேசிய உதவித்தொகை போர்ட்டல், என்எஸ்பின்னு சொல்ற அந்த வெப்சைட்லதான். அதுலயே +2 மார்க் அடிப்படையில கொடுக்கற மத்திய அரசு ஸ்காலர்ஷிப்பும் இருக்கு, வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள, டிகிரி படிக்கறப்ப முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு 12,000. இது ரெண்டையும் ஒண்ணா வாங்க முடியாது, பெரிசு எதுவோ அதுக்குப் போங்க. வேற உதவி வாங்கறீங்களான்னு ஃபார்ம்ல கேட்டா இருக்கறதை அப்படியே சொல்லிடுங்க.

எம்பிசிங்கறதால மாநில அரசோட கல்வி உதவித்தொகையும் இருக்கு, அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்னா பிசி, எம்பிசி, டிஎன்சி (சீர்மரபினர்) பிள்ளைங்களுக்கு மூணு வருஷ ஆர்ட்ஸ் டிகிரிக்கு வருமான வரம்பே இல்லாம, தொழிற்படிப்புக்கு 2.5 லட்சம் வரம்போட. ஒருவேளை கவுன்சிலிங்ல அரசு இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கற மாதிரி இருந்தா பிராஞ்ச் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் அதை முதல்ல யோசிங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், அங்க டியூஷனே ரொம்பக் கம்மி.

இதைப் படிக்கிறவங்கள்ல எஸ்சி, எஸ்டி, மதம் மாறின ஆதிதிராவிடர் குடும்பம் யாராவது இருந்தா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள. கவர்மெண்ட் கோட்டாவுல சுயநிதி காலேஜ் சேர்ந்தாலும் கமிட்டி நிர்ணயிச்ச ஃபீஸ் அரசு பொறுப்பு, 2012ல வந்த ஜி.ஓ., அதாவது அரசாணை 92ன்னு சொல்வாங்க. மத்திய அரசோட புது வழிகாட்டுதல்ல ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, ஃபீஸை முன்கூட்டியே கட்டாம அட்மிஷன் வாங்கிட்டு, ஸ்காலர்ஷிப் பணம் பிள்ளை கணக்குல வந்ததும் 7 நாளைக்குள்ள காலேஜுக்குக் கட்டணும். வந்த பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துட்டா மூணாவது வருஷம் ஹால் டிக்கெட் நேரத்துல பெரிய சிக்கலாகுது, அதை மட்டும் பார்த்துக்கோங்க. மேனேஜ்மென்ட் கோட்டாவுல, அதாவது கவுன்சிலிங் இல்லாம காலேஜே நேரா கொடுக்கற சீட்ல சேர்ந்தா 2017க்கு அப்புறம் இது கிடையாது.

அதனால உங்க வீட்டுக்கு வந்த அந்த ஆளு விஷயத்துக்கு வர்றேன். நேரா சீட் வாங்கித் தர்றேன்னா அது மேனேஜ்மென்ட் கோட்டா. அங்க முதல் பட்டதாரி சலுகை கிடையாது, ஃபீஸும் அதிகம். நாங்க ஸ்காலர்ஷிப்ல போட்டுத் தர்றோம், முதல் வருஷம் மட்டும் கட்டுங்க, மீதியை டிரஸ்ட் பார்த்துக்கும்னு இனிக்க இனிக்க பேசுவாங்க, ரெண்டாவது வருஷம் போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க. ஒரு பொண்ணுக்கு காலேஜ் தேடித் தந்ததுக்கு அவங்களுக்குக் காலேஜ்ல இருந்து கமிஷன் போகுது, அதான் வீடு தேடி வர்றாங்க. 168 கட்ஆஃப் வச்சிருக்கற பொண்ணுக்கு கவுன்சிலிங்லயே நல்ல சீட் இருக்கு. ஒரிஜினல் மார்க் ஷீட், டிசியை மட்டும் அந்த ஆள்கிட்ட கொடுத்துடாதீங்க. ஒரிஜினலை காலேஜே பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018ல அறிவிச்சிருக்கு, அப்படி இருக்க புரோக்கர்கிட்ட எதுக்கு கொடுக்கணும்.

இனிமே சொல்றதுதான் நான் அழுத்திச் சொல்லணும்னு நினைக்கறது, பேங்க் கணக்கும் பேரும். எங்க செக்‌ஷன்ல வர்ற பத்துல பாதிப் பிரச்னைக்கு மேல இதுதான். ஆதார் பேங்க்ல கொடுத்திருக்கோம் சார், லிங்க் ஆயிருக்கு சார்னு சொல்வாங்க. கணக்குத் திறக்க ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கறது வேற, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வரணும்னு என்பிசிஐன்னு சொல்ற தேசியப் பணப் பரிவர்த்தனை அமைப்புல மேப் பண்றது, அதாவது இணைக்கறது வேற. ரெண்டாவதுக்கு டிபிடி, அதாவது நேரடிப் பணப் பட்டுவாடா சம்மதப் படிவம்னு தனியா எழுதிக் கொடுக்கணும். அதோட ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு கணக்குத்தான் மேப் ஆகும், கடைசியா எதை சேர்த்தீங்களோ அதுக்குத்தான் பணம் போகும். ஸ்டேட்டஸ் பார்க்க மைஆதார் வெப்சைட்ல ஓடிபி போட்டு உள்ள போனா பேங்க் சீடிங்னு இருக்கும், எந்த பேங்க்னு பேரோட காட்டும். பொண்ணு எனக்குப் பணமே வரலன்னு அழுதுக்கிட்டு வரும், பார்த்தா சிம் வாங்கறப்ப கடைக்காரர் கைரேகை வாங்கித் திறந்த ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்குல ஆறு மாசக் காசும் பத்திரமா கிடக்கும். அதனால முதல்லயே அதைப் பார்த்து, நீங்க நினைக்கற கணக்குக்கு மாத்திடுங்க. போஸ்ட் ஆபீஸ் பேங்க்ல கணக்குத் திறந்தா அவங்களே இதையும் சேர்த்து முடிச்சுக் கொடுப்பாங்க, கிராமத்துக்கு அது வசதி.

கேஒய்சி முழுசா கொடுக்காம திறந்த சின்னக் கணக்கா இருந்தா அதுல 50,000க்கு மேல இருப்பு வைக்க முடியாது, வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல வரவு ஆகாது. பிரகதி பணம் வர்ற நேரத்துல அது திரும்பிப் போயிடும். ஸ்கூல்ல படிக்கறப்ப திறந்த கணக்குன்னா பிராஞ்சுக்குப் போய் முழு கேஒய்சி கொடுத்து சாதாரணக் கணக்கா மாத்திடுங்க. அம்மாவோட ஜாயின்ட் கணக்கு வேண்டாம், பொண்ணு பேர்ல மட்டும் இருக்கட்டும்.

பேர் விஷயம் நம்ம ஊருக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்ல கவிதா எஸ், ஆதார்ல கவிதா செல்வம், பாஸ்புக்ல எஸ்.கவிதான்னு இருந்தா நமக்கு மூணும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூணு பேர். மார்க் ஷீட்டை மாத்தறது கஷ்டம், ஆதாரை மாத்தறது சுலபம், அதனால பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, நடுவுல இடைவெளி இருக்கா, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆதார்ல மாத்திட்டு, அதை வச்சு பேங்க்ல மாத்துங்க. இதுக்கே சில வாரம் ஆகும், கவுன்சிலிங் ரவுண்டுக்கு காத்திருக்கற நேரத்துல முடிச்சுடலாம்.

விண்ணப்பம் போடறப்ப பிரவுசிங் சென்டருக்குப் போனா அங்க இருக்கறவர் வேகத்துக்கு அவரோட நம்பரையும் மெயிலையும் அடிச்சுட்டுப் போயிடுவார். காலேஜ்லயோ மாவட்டத்துலயோ ஏதாவது குறை இருக்குன்னு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினா, டிஃபெக்ட்னு ஸ்டேட்டஸ் விழும், சரிபண்ண குறிச்ச நாள்தான் கொடுப்பாங்க, அந்த மெசேஜ் அவர் போனுக்குப் போய் அங்கயே செத்துடும். பொண்ணோட சொந்த நம்பர், ஆதார்லயும் அதே நம்பர், ஓடிஆர்னு சொல்ற என்எஸ்பி ஒருமுறைப் பதிவு நம்பரும் பாஸ்வேர்டும் ஒரு நோட்டுல. பூர்த்தி பண்ணின பிரிண்ட்டை காலேஜ் ஆபீஸ்ல கொடுத்து, அவங்க லாகின்ல வெரிஃபை பண்ணிட்டாங்களான்னு போய்க் கேளுங்க, கூச்சப்படாதீங்க, நூத்துக்கணக்குல வர்றப்ப ஒண்ணு ரெண்டு விட்டுப்போறது எந்த ஆபீஸ்லயும் நடக்கும். அதோட வருஷா வருஷம் ரினியூவல் உண்டு, வருமானச் சான்றிதழும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். முதல் வருஷம் வாங்கினதால தானா வரும்னு நினைச்சு ரெண்டாவது வருஷத்தைக் கோட்டை விடறவங்க நிறைய. பணம் அனுப்பிட்டாங்களான்னு பிஎஃப்எம்எஸ்னு சொல்ற மத்திய அரசோட பணப் பட்டுவாடா வெப்சைட்ல கணக்கு நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

இப்ப லோன். பயப்பட வேண்டாம், ஆனா கணக்குப் போட்டு வாங்குங்க. பேங்குகளோட மாதிரிக் கல்விக்கடன் திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் அடமானம் கிடையாது, நம்ம கைக்காசும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரைக்குமே கவர்மெண்ட் கேரண்டி ஃபண்ட் இருக்கறதால சொத்துப் பத்திரம் கேக்கக் கூடாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுதான் தவணை ஆரம்பிக்கும், 15 வருஷம் வரைக்கும் கட்டலாம். உங்க குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள, பொண்ணு சேர்றது தொழிற்படிப்பு, காலேஜுக்கு நாக்னு சொல்ற தர மதிப்பீட்டு அமைப்போட அக்ரிடேஷன் இருந்தா படிக்கற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். இது தானா நடக்காது, வருமானச் சான்றிதழைக் கொடுத்து வட்டி மானியத்துல சேருங்கன்னு எழுதிக் கொடுத்து, அதோட காப்பியில சீல் வாங்கி வச்சுக்கோங்க. வாங்காம விட்டுட்டு நாலு வருஷம் கழிச்சு அசலோட வட்டியும் ஏறி நிக்கறதைப் பார்த்து அதிர்ச்சி ஆகறவங்களை நான் வருஷா வருஷம் பார்க்கறேன். 2024 நவம்பர்ல அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் இருக்கு, தரவரிசையில முன்னாடி இருக்கற கல்வி நிறுவனங்களுக்கு (ஆரம்பத்துல 860), அடமானமும் வேண்டாம், ஜாமீன் போட ஆளும் வேண்டாம். கிடைக்கற காலேஜ் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க.

ஆன்லைன்ல போட்டாலும் வீட்டுக்குப் பக்கத்து பிராஞ்சுக்கு நேர்ல போங்க. அலாட்மென்ட் ஆர்டர், போனஃபைட், நாலு வருஷத்துக்குமான ஃபீஸ் விவரம் காலேஜ் லெட்டர்பேட்ல, தங்கச்சிக்கும் அப்பாவுக்கும் பான் கார்டு. ஃபீஸ் விவரத்துல ஹாஸ்டல், பஸ், புக், லேப்டாப் எல்லாம் போட்டு வாங்கிடுங்க, அப்புறம் சேர்க்க முடியாது. எங்க ஏரியா இல்லன்னு திருப்பி அனுப்பினா, கல்விக்கடனுக்கு அந்தக் காரணம் சொல்லக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2012லயே சொல்லியிருக்கு, பணிவா அதைச் சொல்லுங்க. வாயால முடியாதுன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, நிராகரிக்கறதா இருந்தா மேனேஜர் தனியா முடிவு பண்ண முடியாது, அவருக்கு மேல இருக்கறவர் ஒப்புதல் வேணும். எழுத்துல கேட்டதுமே பல பிராஞ்சுல பேச்சு மாறிடும். அதுக்கும் அசையலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்கிட்ட போங்க.

முழு 4 லட்சமும் வாங்கணும்னு இல்ல. முதல் பட்டதாரில கழிஞ்சது போக மீதி, புதுமைப்பெண், பிரகதி வந்தா அது, நீங்க மாசம் என்ன தர முடியும், எல்லாம் போக எது குறையுதோ அதுக்கு மட்டும். வருஷா வருஷம் தேவைக்கு ஏத்த மாதிரிதான் பேங்க்ல இருந்து காலேஜுக்கு நேரா அனுப்புவாங்க, வேண்டாத வருஷம் எடுக்காம விடலாம்.

முதல் ஃபீஸ் கட்டற அந்த ஜூலை, ஆகஸ்ட்டுக்கு என்ன வழின்னா, லோன் சாங்ஷன் லெட்டர் வந்துட்டா அதைக் காட்டி காலேஜ்ல அவகாசம் கேளுங்க, பெரும்பாலும் கொடுப்பாங்க. இல்லன்னா ரெண்டு தவணையா கட்டறோம்னு எழுதிக் கொடுங்க. அதுவும் முடியலன்னா கூட்டுறவு பேங்க்ல நகைக்கடன், மீட்டர் வட்டிக்கு மட்டும் போகாதீங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல அலாட்மென்ட் ஆர்டரோட மனு கொடுத்து உதவி வாங்கின குடும்பங்கள் எனக்குத் தெரியும், தங்கச்சியையும் அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அப்பா உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்காரான்னு கேளுங்க, சுமை தூக்கறவங்க அதுல வருவாங்க, உறுப்பினரோட பிள்ளைங்களுக்குக் கல்வி உதவி உண்டு. கார்டு இருந்து ரினியூ பண்ணாம விட்டிருந்தா முதல்ல அதைப் புதுப்பிச்சிடுங்க.

ஹாஸ்டல் பத்தி நீங்க கேக்கல, ஆனா சேலத்துலயோ கோயம்புத்தூர்லயோ கிடைச்சா டியூஷனைவிட அதுதான் பெரிய செலவு. காலேஜ் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தற கல்லூரி மாணவியர் விடுதி இருக்கான்னு விசாரிங்க, சாப்பாடு தங்கறது ரெண்டும் இலவசம், வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கணுங்கற விதி பொண்ணுங்களுக்குக் கிடையாது. ஃபார்மை அந்த விடுதிக் காப்பாளர்கிட்டயோ மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துலயோ வாங்கலாம், இடம் சீக்கிரம் நிரம்பிடும், அலாட்மென்ட் வந்த வாரமே கொடுத்துடுங்க. அலாட்மென்ட் எந்த காலேஜ்னு தெரிஞ்சதும் இங்கயே எழுதுங்க, அந்த ஃபீஸ் விவரத்தை வச்சு எவ்வளவு லோன் போதும்னு சேர்ந்து கணக்குப் பார்த்துடலாம்.